உடலின் சினமும் அதைத் தணிக்கும் ஔஷதமும்

(ராஜபாளையத்தில் பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காயத்தின்மேல் சுற்றுகிற பாண்டேஜ் துணியை விசைத்தறிகளில் நெய்து தேசமெங்கும் அனுப்பிவருகிற சத்திரப்பட்டி நமக்கு மிக அருகில் இருக்கிறது. அந்தத் துணியை நெய்தும், வெளுத்தும், மடித்தும், வெட்டியும் ஜீவனம் செய்கிறவர்கள் இந்தச் சபையிலும் சிலர் இருக்கக் காண்கிறேன். ஆகவே காயம் என்றால் என்ன என்று விளக்கி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். துணியைச் சுற்றுவதற்கு முன்பே, கத்தி பட்ட மறுகணத்திலிருந்தே, ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் தேகம் தானாக அந்த இடத்தில் தொடங்கி நடத்துகிற பெருங்காரியம் ஒன்று உண்டு. அந்தக் காரியத்தைப் பற்றியும், அதை நடக்கவொட்டாமல் அடக்கிவைக்கும் வல்லமை படைத்த ஒரு மருந்துக் குடும்பத்தைப் பற்றியும் பேசவே வந்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு ஸ்டீராய்டு என்று பெயர். உங்களில் சிலர் அந்தப் பெயரைக் கேட்டு அஞ்சியிருப்பீர்கள். அவர்களைவிட அதிகம் பேர் பெயரைக் கேளாமலே அதை விழுங்கியிருப்பீர்கள்.

ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் என்பவர், சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல் என்று அழற்சிக்கு நான்கு லட்சணங்கள் வகுத்தார். இவற்றை வியாதியின் செய்கைகள் என்றே நாம் எண்ணிவருகிறோம். உண்மையில் நான்கும் தேகத்தின் செய்கைகள். முள் தைத்த இடத்தில் கிருமி புகுந்தவுடனே, அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள் அதை உணர்ந்து, இன்டர்லியூக்கின் முதலான ரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன. செய்தி எட்டியதும் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ஆகையால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர்கள் இளகி நீரைக் கசியவிடுகின்றன, ஆகையால் வீக்கம். ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் அந்தச் சுவரில் ஒட்டி, இடுக்கு வழியே பிதுங்கி வெளியே வந்து, கிருமிகளை விழுங்கித் தாமும் மடிகின்றன. அந்த மடிந்த குவியலையே சீழ் என்கிறோம். காலில் புண் வந்தால் கவட்டில் நெறி கட்டுகிறதே, அங்கே லிம்போசைட் என்னும் வேறோர் இனத்து அணுக்கள் கூடி, வந்த கிருமி இன்னதென்று அடையாளம் கண்டு, அதற்கென்றே ஒரு கூட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் டி அணுக்கள் என்பவை நேரே சென்று தாக்குவதும் மற்றவற்றை ஏவுவதுமாக இருக்க, பி அணுக்கள் என்பவை எதிர்ப்புப் புரதங்களை உற்பத்தி செய்கின்றன.

இவ்வளவு விரிவான ஏற்பாடு எப்போதும் நமக்கு நன்மையே செய்யும் என்றால் இன்றைய பேச்சுக்கு இடமே இல்லை. வந்த கிருமி செய்கிற கேட்டைவிட அதற்குத் தேகம் சொல்கிற பதில் பெருங்கேடாய் முடிவதும், கிருமியே இல்லாத இடத்தில் தன் சொந்த மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் அந்நியமென்று கருதி அது பாய்வதும், பூந்தூளையும் பஞ்சுத் தூசியையும் கண்டு மூச்சுக்குழலை இறுக்கிக்கொள்வதும் நிகழ்கின்றன. ஸ்டீராய்டு மருந்து கிருமியைத் தொடுவதே இல்லை. தேகத்தின் பதிலை மட்டுமே தொடுகிறது. ஆகவே ஒரு நோயாளியை வருத்துவது கிருமியா, கிருமிக்குத் தேகம் சொல்லும் பதிலா என்று முதலில் நிர்ணயம் செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் இந்த ஔஷதத்தைக் கையில் எடுக்கிறவன் வைத்தியனானாலும், கடைக்காரனானாலும், நோயாளி தானேயானாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறான். நான் சொல்ல வந்தது இவ்வளவே; மற்றவை இதற்கு வியாக்கியானம்.

இந்த ஔஷதம் வெளியிலிருந்து வந்த புதுமை அன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி வைத்தாற்போல் அட்ரினல் என்னும் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவை நாள்தோறும் பத்து முதல் இருபது மில்லிகிராம் வரை கார்ட்டிசால் என்னும் சத்தைச் சுரக்கின்றன. விடியலை ஒட்டி அது உச்சத்துக்கு ஏறி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. இளைப்புக்காரர் பின்னிரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆடிப் பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் ஆண்டாள் தேர் வருகிறபோது வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கானவர்களையே எல்லோரும் பார்க்கிறார்கள். சக்கரத்தின் அடியில் குனிந்து, சமயம் பார்த்து முட்டுக்கட்டையைச் செருகியும் உருவியும் அந்தப் பெருந்தேரைத் திருப்பி நிறுத்துகிற சிலரை யாரும் பார்ப்பதில்லை. எதிர்ப்புச் சக்தி என்னும் தேருக்குக் கார்ட்டிசால் அத்தகைய முட்டுக்கட்டை. அது இல்லையேல் ஒவ்வொரு சிறு காய்ச்சலிலும் தேர் வீட்டுச் சுவர்களின்மேல் ஏறிவிடும்.

இந்த முட்டுக்கட்டையை மனிதன் கண்டெடுத்த கதை ருசிகரமானது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்னும் ஊரிலுள்ள மேயோ மருத்துவமனையில் மூட்டுவாத சிகிச்சை செய்துவந்த பிலிப் ஹெஞ்ச், 1929-இல் ஒரு விநோதத்தைக் கவனித்தார்: நெடுநாளாக மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த ஒருவருக்கு மஞ்சள்காமாலை கண்டது, காமாலை கண்டதும் மூட்டுவலி மறைந்தது. கருவுற்ற பெண்களிடத்திலும் மூட்டுவாதம் தானே தணிவதை அவர் பின்னர் பார்த்தார். தேகத்துக்குள்ளேயே ஏதோ ஒரு சத்து இதைச் செய்கிறதென்று ஊகித்து, பெயர் தெரியாத அந்தச் சத்தைத் தேடியே பல ஆண்டுகளைக் கழித்தார். அதே மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் என்னும் ரசாயன நிபுணர் மாட்டின் அட்ரினல் சுரப்பிகளை மலைமலையாக வாங்கி அரைத்து, அவற்றிலிருந்து பல சத்துக்களைப் பிரித்து, ஒன்றுக்கு ‘ஈ’ என்று பெயரிட்டு வைத்திருந்தார். சுரப்பியிலிருந்து கிடைப்பது கடுகளவே; மெர்க் கம்பெனியைச் சேர்ந்த லூயிஸ் சாரெட் என்பவர் மாட்டின் பித்தத்திலிருந்து எடுத்த அமிலத்தை முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் மாற்றி மாற்றி அதைச் செய்துகாட்டிய பிறகே, மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் அளவு கைக்கு வந்தது. 1948 செப்டம்பரில், மூட்டுவாதத்தால் நகரவே மாட்டாதிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு அது முதன்முதலாக ஊசி வழியே செலுத்தப்பட்டது. சில தினங்களில் அவர் எழுந்து நடந்தார், வாரம் கழிந்ததும் கடைவீதிக்குப் போய்வந்தார். 1950-இல் ஹெஞ்ச், கெண்டல், அதே சுரப்பிச் சத்துக்களை ஆராய்ந்த சுவிட்ஸர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நாளில் பத்திரிகைகள் அதை அற்புத மருந்து என்று எழுதியதில் ஆச்சரியமில்லை. சஞ்சீவி மலையைத் தினமும் கண்ணெதிரே காண்கிற ஊர்க்காரர்களாகிய நமக்கு, ஒரே மூலிகை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற ஆசை எவ்வளவு பழமையானதென்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கும், அவரைப் பின்பற்றிய மற்ற நோயாளிகளுக்கும் மருந்தை நிறுத்தினால் வலி திரும்பியது, தொடர்ந்தால் வேறு உபத்திரவங்கள் கிளம்பின என்பதை உலகம் சற்றுத் தாமதமாகவே கேட்டது.

இனி அந்த மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்னும் சூட்சுமத்துக்கு வருவோம். பெரும்பாலான ரசாயனச் செய்திகள் உயிரணுவின் வாசலில் நின்று கதவைத் தட்டுகின்றன; ஸ்டீராய்டோ கொழுப்பில் கரையும் சுபாவமுள்ளதாகையால் கதவைத் தட்டாமல் சுவரை ஊடுருவி உள்ளே சென்றுவிடுகிறது. உள்ளே அதை ஏற்பதற்கென்றே ஒரு புரதம் காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்ததும், அந்த ஜோடி அணுவின் நடுவிலுள்ள உட்கருவுக்குள் புகுந்து, மரபணுக்கள் எழுதிவைக்கப்பட்டிருக்கும் நெடுஞ்சுருளின்மேல் போய் அமர்கிறது. அங்கே அது இருவிதமான காரியம் செய்கிறது. சில மரபணுக்களைத் தூண்டி, அழற்சியை அடக்கும் புரதங்களைச் செய்விக்கிறது. அனெக்சின் என்பது அவற்றில் ஒன்று. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புராஸ்டகிளாண்டின், மூச்சுக்குழலை இறுக்கும் லியூக்கோட்ரைன் ஆகிய இரண்டு வகைப் பொருள்களுக்கும் மூலமான கொழுப்பமிலம் அணுவின் சுவரிலிருந்து பிரியவொட்டாமல் அது தடுக்கிறது. ஆஸ்பிரின் இந்த நதியின் ஒரு கிளையை மட்டும் அடைக்கிறது; ஸ்டீராய்டு ஊற்றுக்கண்ணிலேயே கை வைக்கிறது.

இரண்டாவது காரியம் இன்னும் முக்கியமானது. என்எஃப்-கப்பா-பி என்று ஒரு புரதம் உண்டு. பெயர் கரடுமுரடானது, மன்னிக்க வேண்டும். ஆபத்து என்ற செய்தி வந்ததும் உட்கருவுக்குள் ஓடி, இன்டர்லியூக்கின்களையும் டிஎன்எஃப் முதலான மற்ற அழற்சிச் செய்திகளையும் செய்யும் மரபணுக்களை ஒருசேர எழுப்பிவிடுகிற புரதம் அதுவே. ஸ்டீராய்டு சுமந்த ஜோடி அதை மறித்துக்கொண்டு வேலை செய்யவொட்டாமல் தடுப்பதோடு, அதைக் கட்டிவைக்கும் வேறொரு புரதத்தையும் அதிகமாக்குகிறது. செய்தி அனுப்பும் வாயெல்லாம் இவ்வாறு மூடுகிறது. டி அணுக்கள் பெருகுவதற்கு இன்டர்லியூக்கின்-2 என்னும் ஊட்டம் வேண்டும். அந்த ஊட்டம் நின்றுவிடுகிறது. விளைந்துகொண்டிருக்கும் லிம்போசைட்டுகளில் பல, தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும்படி தூண்டப்படுகின்றன. எஞ்சியவற்றில் ஒரு பகுதி ரத்தத்தை விட்டு எலும்பு மஜ்ஜைக்குள் போய் ஒதுங்குகிறது. மேக்ரோஃபேஜ்கள் விழுங்கியதைக் கொல்லும் திறன் குன்றி மந்தமாகின்றன.

நியூட்ரோஃபில்களின் கதிதான் வேடிக்கை. குழாய்ச் சுவரில் ஒட்டி வெளியேற அவற்றால் இயலாமற் போகிறது. அதனால் அவை ரத்தத்திலேயே சுற்றிச்சுற்றி வருகின்றன. மஜ்ஜையிலிருந்து புதிதாகவும் பல கிளம்பி வருகின்றன. டெக்ஸா என்று சுருக்கி அழைக்கப்படும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுக்கொண்ட மறுநாள் ஒருவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவார். அதில் மொத்த வெள்ளையணுக்கள் பதினையாயிரம், நியூட்ரோஃபில் எண்பத்தைந்து சதவீதம் என்றிருக்கும். பெரிய கிருமித் தொற்றோ என்று வீட்டார் கலங்குவார்கள். சிலர் எதிர்ப்புச் சக்தி ஏறிவிட்டதென்று மகிழ்வதும் உண்டு. இரண்டும் இல்லாமல் இருக்கலாம். அதே காகிதத்தில் லிம்போசைட் குறைந்திருப்பதையும், இயோசினோஃபில் என்னும் இன்னோர் இனத்து வெள்ளையணுவுக்குரிய இடத்தில் ஏறக்குறைய பூஜ்யம் நிற்பதையும் சேர்த்துப் பார்க்கிற வைத்தியர், “முந்தின நாள் என்ன ஊசி போட்டீர்கள்?” என்றுதான் முதலில் கேட்பார்.

அளவு விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். உடலின் சொந்தக் கார்ட்டிசால் 20 மில்லிகிராம் செய்கிற வேலையைப் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு 5 மில்லிகிராமும், டெக்ஸாமெத்தசோன் முக்கால் மில்லிகிராமும் செய்துவிடுகின்றன. மருந்துக்கடைகளில் கிடைக்கும் இரண்டு மில்லி டெக்ஸா குப்பி ஒன்றில் எட்டு மில்லிகிராம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நம் சுரப்பி பத்து நாளுக்கு மேல் உழைத்துச் சுரக்கிற பலம் முழுவதும் விரல் நுனியளவுள்ள அந்தக் குப்பியில் அடங்கியிருக்கிறது, விலையோ சில ரூபாய். ‘ஒரு ஊசி போட்டதும் உடம்பு முறுக்கிக்கொண்டு எழுந்தது’ என்று சொல்கிறோமே, அந்த முறுக்கின் பெயர் பெரும்பாலும் இதுதான்.

ராஜபாளையம் மில்ஸ் தோன்றிய 1936 முதல் இந்த ஊரின் வாழ்வு பஞ்சோடு பின்னிக்கிடக்கிறது. ஆகையால் பஞ்சாலைத் தொழிலாளருக்கு உலகெங்கும் வருகிற பிசினோசிஸ் என்னும் நோயை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமன்று. ப்ளோ ரூம், கார்டிங் ஆகிய தூசி மிகுந்த பிரிவுகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவருக்கு, வார விடுமுறை கழிந்து திரும்புகிற முதல் ஷிப்டில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், மறுநாள் குறையும், வார இறுதியில் மறந்தே போகும், அடுத்த வாரம் மறுபடி வரும். ஆகையால் மேல்நாட்டார் இதைத் திங்கட்கிழமை நோய் என்றார்கள். பஞ்சு இழையின் குற்றமென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. பஞ்சோடு ஒட்டிவரும் இலைச் சருகில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் மேலோட்டுப் பொருள் பெரும்பங்கு வகிக்கிறதென்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. உயிருள்ள கிருமி ஒன்றும் நுரையீரலைத் தாக்கவில்லை. செத்த கிருமியின் ஓட்டைக் கண்ட மேக்ரோஃபேஜ், நான் சற்று முன் சொன்ன அதே என்எஃப்-கப்பா-பி வழியே அதே செய்திகளை அனுப்பி, நெஞ்சை இறுக்குகிறது. இங்கே துன்பம் முழுவதும் தேகத்தின் பதிலே. அப்படியானால் ஸ்டீராய்டுதானே இதற்கு மருந்து என்று நீங்கள் கேட்கலாம். மூச்சுக்குழல் இறுக்கத்தை அது தணிக்கக்கூடும். ஆனால் தணித்துக்கொண்டே தினமும் தூசியை உள்ளே இழுக்கிறவரின் நுரையீரல் நாளடைவில் மீளாத கேட்டை அடைகிறது. நோய் நிவாரணம் தூசியை உறிஞ்சி எடுக்கும் யந்திரத்திலும் வேலையிடத்தை மாற்றிக் கொடுப்பதிலும் இருக்கிறது. சட்டம் அறிவிக்கவேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாக இதைச் சேர்த்திருப்பதை நம் தொழிற்சங்கத்தார் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பதிலை அடக்கியே ஆகவேண்டிய சந்தர்ப்பம் எது என்பதற்கு வேலூரை அடுத்த கரிகிரியைச் சொல்வேன். அங்கே 1955-இல் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையம், இந்த நோயைப் பற்றி உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று. தொழுநோய்க் கிருமி நரம்புக்குள் குடிகொண்டு, பல ஆண்டுகள் சந்தடியின்றி இருக்கும். சிகிச்சை தொடங்கிக் கிருமிகள் மடிந்துகொண்டிருக்கும்போதே சிலருக்கு எதிர்ப்புச் சக்தி திடீரென்று விழித்துக்கொள்கிறது. டி அணுக்கள் நரம்புக்குள் பாய்கின்றன. இறுகிய உறைக்குள் நரம்பு வீங்கி நசுங்குகிறது. நேற்றுவரை சோற்றை அள்ளிய விரல் இன்று மடங்கிவிடுகிறது. கிருமி செய்யாத ஊனத்தைப் பதில் செய்கிறது. அப்போது கிருமியைக் கொல்லும் மருந்தை நிறுத்தாமலே, நாளொன்றுக்கு நாற்பது மில்லிகிராம் பிரட்னிசோலோனில் தொடங்கிப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்; உரிய காலத்தில் தொடங்கினால் கை பிழைக்கிறது. மூளையுறையைப் பற்றும் காசநோயிலும் இதே நியாயந்தான்: காசநோய் மருந்துகளோடு டெக்ஸாமெத்தசோனும் சேர்த்துக் கொடுத்தால் மரணம் குறைகிறதென்று வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடத்திய பரிசோதனை 2004-இல் காட்டியது. ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால், நெஞ்சுக்குள் உறங்கிக்கிடக்கும் காசக் கிருமியை எழுப்பிவிட்டவர்களாவோம். நம் தேசத்தில் அந்தக் கிருமியை உறங்கும் நிலையில் சுமந்து திரிகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். லிம்போசைட்டும் மேக்ரோஃபேஜும் சேர்ந்து எழுப்பிய சுவருக்குள்ளேதான் அது அடைபட்டிருக்கிறது.

இந்த விவேகத்துக்கு மிகத் தெளிவான பிரமாணம் கொரோனா காலத்தில் கிடைத்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ‘ரெக்கவரி’ என்ற பெயரில் நடத்திய பரிசோதனையில், 2,104 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனைப் பத்து நாள் வரை கொடுத்து, கொடுக்காத 4,321 பேரோடு ஒப்பிட்டார்கள். 2020 ஜூன் 16-ஆம் தேதி முடிவை வெளியிட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இருபத்தெட்டு நாளுக்குள் இறந்தவர்கள் மருந்தில்லாமல் 41.4 சதவீதம், மருந்தோடு 29.3 சதவீதம். பிராணவாயு மட்டும் தேவைப்பட்டவர்களிடத்தில் 26.2 என்பது 23.3 ஆயிற்று. பிராணவாயுவே தேவைப்படாதவர்களிடத்திலோ 14 சதவீதமாக இருந்தது 17.8 ஆகக் காணப்பட்டது; இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் நன்மை இல்லையென்பதில் சந்தேகமில்லை. நோய் ஒன்றே, மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. முதல் வாரத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கிறது. அதை எதிர்க்கிற சக்தியை அப்போது அடக்குவது மதியீனம். இரண்டாவது வாரத்தில் வைரஸ் குறைந்து, அதற்குச் சொல்லும் பதில் நுரையீரலை நிரப்புகிறது. அப்போது அடக்காமலிருப்பது மதியீனம்.

அந்த விவேகத்தை 2021-ஆம் ஆண்டின் இரண்டாவது அலையில் நாம் எல்லோரும் காப்பாற்றினோமா? காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்களும், வாட்ஸப்பில் வந்த மருந்துச் சீட்டை நம்பி வீட்டிலிருந்தே வாரக்கணக்கில் உட்கொண்டவர்களும் எத்தனையோ பேர். ஸ்டீராய்டு ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாயில் வைக்காமலே ஏற்றும். ஏறிய சர்க்கரை, மந்தமான மேக்ரோஃபேஜ், வெளியேற மாட்டாத நியூட்ரோஃபில் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது, எங்கும் காற்றில் மிதந்துகொண்டிருக்கிற, சாதாரணமாக மூக்குக்குள் போனதும் அழிந்துவிடுகிற ஒரு பூஞ்சை வேர்பிடித்து, கன்னத்து எலும்பையும் கண்ணையும் அரித்துக்கொண்டு மூளையை நோக்கி ஏறியது. கருப்புப் பூஞ்சை என்று நாம் அழைத்த அந்நோயை 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அறிவிக்கப்படவேண்டிய நோயாகப் பிரகடனம் செய்தது. அந்த ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000-க்கு மேற்பட்டவர்களுக்கு அது கண்டிருந்தது. உயிரைக் காக்கக் கண்ணை எடுக்கவேண்டி வந்தவர்கள் உண்டு.

இதில் ஒரு விசித்திரம் அடங்கியிருக்கிறது.  கெண்டலின் ‘ஈ’யாகிய கார்ட்டிசோன் முதலில் விற்பனைக்கு வந்தபோது ஒரு கிராம் இருநூறு டாலர் விலை. மாட்டுப் பித்தத்தை முப்பது படி ஏற்றுவதென்றால் அப்படித்தான் இருக்கும். மெக்ஸிகோக் காடுகளில் விளையும், நம் வள்ளிக்கிழங்கின் உறவான ஒரு கிழங்கிலிருந்து மூலப்பொருளை எளிதில் எடுக்கலாமென்று ரஸ்ஸல் மார்க்கர் என்பவர் கண்டிருந்தார். ஆனால் அந்த மூலப்பொருளின் பதினோராவது கரியணுவில் ஓர் ஆக்ஸிஜனை ஏற்றுவதே ரசாயனிகளுக்குப் பெருங்கஷ்டமாயிருந்தது. 1952-இல் அப்ஜான் கம்பெனியைச் சேர்ந்த பீட்டர்சன், மர்ரே என்னும் இருவர், அந்த வேலையை ஒரு பூஞ்சை ஒரே படியில் செய்துவிடுவதைக் கண்டுபிடித்தார்கள். மருந்தின் விலை சரிந்தது. அற்புத மருந்து சாமானியருக்கும் எட்டியது. அந்தப் பூஞ்சை ரைசோபஸ் என்னும் இனம். 2021-இல் நம்மவர்களின் கண்ணைப் பறித்த கருப்புப் பூஞ்சைகளில் முதன்மையானதும் அதே ரைசோபஸ் இனமே.

மருந்து மலிவானால் அதன் பிரயோகமும் மலிவாகிவிடுகிறது. மூட்டு வலிக்கிறது, சளி பிடித்திருக்கிறது, உடம்பு வலிக்கிறது என்று எது சொன்னாலும் சில மெடிக்கல்களில் மூன்று நான்கு மாத்திரைகளைப் பட்டையிலிருந்து கத்திரித்து, பெயரே தெரியாதபடி சிறு கவரில் போட்டு, ‘செட் மாத்திரை’ என்று கொடுக்கிறார்கள். எல்லாச் செட்டிலும் ஸ்டீராய்டு இருக்கிறதென்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் ‘உடனே கேட்கிற’ செட்டில் அது இருக்கக்கூடும் என்று சந்தேகிப்பது புத்திசாலித்தனம். ஆறு மாதம் இவ்வாறு விழுங்கிய ஒரு தாயாரின் முகம் உருண்டு பூரித்துவிடும், கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள், “என்ன மதினி, உடம்பு நல்லாத் தேறியிருக்கே!” என்று மெச்சுவார்கள். அதே சமயத்தில் அவருடைய கைகால்கள் மெலிந்து, தோல் காகிதம்போல் நைந்து, எலும்பு உள்ளுக்குள் பொத்தலாகி, கண்ணில் புரை படர்ந்துகொண்டிருக்கும்.

படர்தாமரைக்குத் தடவுகிற களிம்புகளின் கதையும் இதுவே. பூஞ்சையைக் கொல்லும் மருந்தும் வீரியமுள்ள ஸ்டீராய்டும் ஒரே டியூபில் கலந்திருக்கும். தடவிய இரண்டாம் நாள் அரிப்பு நின்றுவிடும். ஏனென்றால் அரிப்பு தோலின் பதில். பதில் நின்ற தோலில் பூஞ்சை தாராளமாகப் பரவும். விளிம்பு மங்கி, வட்டம் கலைந்து, தேர்ந்த தோல் வைத்தியரும் அடையாளம் காணத் திணறுமளவுக்கு உருமாறும். முகம் வெளுக்கவேண்டுமென்று இதே களிம்பைப் பூசிக்கொள்ளும் இளம்பெண்களை நினைத்தால் எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே மிகுதியாக வருகிறது. அந்தக் கோபம் அவர்கள்மேல் அன்று, விளம்பரம் செய்கிறவர்கள்மேல். 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று விதியை இறுக்கியிருக்கிறது. கடைக்குப் போய்க் கேட்டுப்பாருங்கள். அந்த விதி எவ்வளவு தூரம் பிரயாணம் செய்து வந்திருக்கிறதென்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு துணிந்து விழுங்குகிற நம் ஜனங்கள், அஞ்சவேண்டாத ஓரிடத்தில் அஞ்சுகிறார்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால், “பம்ப் வேண்டாம் டாக்டர், பழகிப்போகும், ஊசியே போட்டுவிடுங்கள்” என்கிறார்கள். இன்ஹேலரில் ஒரு தடவை இழுக்கும்போது போகிற ஸ்டீராய்டு மில்லிகிராமில் ஒரு சிறு பங்கு. நூறு, இருநூறு மைக்ரோகிராம். அதுவும் அழற்சி இருக்கிற மூச்சுக்குழலுக்கே நேராகப் போகிறது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும். ஊசியில் போகிற எட்டு மில்லிகிராமோ தலைமுதல் கால்வரை எல்லா அணுக்களின் உட்கருவுக்குள்ளும் போய் அமர்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்லாமல் உங்களை வீட்டுக்கு அனுப்பினால் என் பேச்சு உபகாரத்தைவிட அபகாரமே செய்துவிடும். பல வாரமோ பல மாதமோ ஸ்டீராய்டு உட்கொண்டுவரும் ஒருவர் இந்தச் சபையில் இருந்து, நான் சொன்னதைக் கேட்டுப் பயந்து, இன்றிரவே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருகிறவரையில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, அட்ரினல் சுரப்பிக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. வேலையில்லாத சுரப்பி சுருங்கிப்போகிறது. திடீரென்று மாத்திரை நின்றால், சுரக்கவேண்டிய சுரப்பிக்கு அந்தச் சக்தி இல்லை. ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமும் கண்டு, உயிரே போகலாம். சுரப்பி பழைய நிலைக்குத் திரும்ப வாரங்கள் ஆகலாம், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். ஆகையால் வைத்தியர் சொல்லும் கணக்குப்படி, இந்த வாரம் இவ்வளவு, அடுத்த வாரம் இவ்வளவு என்று குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். மாத்திரையைக் காலையில், உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும். இடையில் கடுங்காய்ச்சலோ, விபத்தோ, ஆபரேஷனோ நேர்ந்தால் அளவைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டவேண்டியிருக்கும். நினைவு தப்பிய நிலையில் உங்களை விருதுநகருக்கோ மதுரைக்கோ ஆம்புலன்ஸில் கொண்டுபோகிறவர்களுக்கு நீங்கள் ஸ்டீராய்டு உட்கொண்டுவருவது தெரிய வழியில்லை. மருந்தின் பெயர், தினசரி அளவு, தொடங்கிய மாதம் ஆகிய மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஆதார் அட்டையோடு சேர்த்துப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். செட் மாத்திரை விழுங்கியவர்கள் பெயர் தெரியாதென்று விட்டுவிடாமல், மீதியிருக்கும் மாத்திரைகளைக் கவரோடு அப்படியே எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருக்கும் அன்பர்கள் பஸ்ஸைப் பிடிக்க இன்னும் அரைமணி இருக்கிறது. அதுவரை கேள்விகளைக் கேட்கலாம்.